தனிமை ஆப் பண்ற தேர்ட் இயர் டீமுக்கு ஹாஸ்டல்ல இருந்து ஒரு திறந்த மடல்

தம்பிகளா, தங்கச்சிகளா,

உங்க ப்ரோட்டோடைப் லிங்க் ஹாஸ்டல் குரூப்ல வந்துச்சு, உக்காந்து எல்லா ஸ்கிரீனையும் தட்டிப் பாத்தேன். காலேஜ் பசங்க தனியா ஃபீல் பண்றப்ப கண்டபடி செலவு பண்றாங்க, அத கவனிச்சு சொல்ற மாதிரி ஒரு ஆப், அதான ஐடியா? நல்ல ஐடியாதான், டிசைனும் பளிச்சுனு இருக்கு. ஆனா நீங்க குடுத்த ஃபீட்பேக் ஃபார்ம்ல அஞ்சு ஸ்டாரும் ஒரு சின்ன பாக்ஸும்தான் இருக்கு, எனக்கு சொல்ல வேண்டியது அதுல அடங்காது. அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்கயே எழுதறேன்.

நான் மெஸ் கமிட்டில இருக்கறதால ஞாயித்துக்கிழம நைட்டு என்ன நடக்குதுன்னு நல்லா தெரியும். மெஸ்ல பாதி சாப்பாடு அப்படியே மிஞ்சும், கேட்ல செக்யூரிட்டி அண்ணன் டேபிள் மேல பார்சல் குமிஞ்சு கெடக்கும். அந்த பார்சல்ல ரெண்டு வகை இருக்கு. ஒன்னு நாலஞ்சு பேர் காசு போட்டு ஆர்டர் பண்ணது, வாங்க வர்றப்பவே லெக்பீஸ் யாருக்குன்னு சண்டை போட்டுட்டு வருவானுங்க. இன்னொன்னு ஒத்த பிரியாணி. அத வாங்கறவன் இயர்போன மாட்டிட்டு வருவான், ஓடிபி சொல்லுவான், யாரையும் பாக்காம போயிருவான். ரெண்டுலயும் தலைக்கு நூத்தம்பது, இருநூறுதான் ஆகுது. உங்க ஆப்ல ரெண்டும் ஃபுட்னு ஒரே ஆரஞ்சு கட்டத்துல விழுது, அப்புறம் "இந்த வாரம் ஃபுட் செலவு ஓவர்"னு ஒரு சோக மூஞ்சி வருது. நாலு பேரோட சிரிச்சு சாப்ட்டவனுக்கும் அதே சோக மூஞ்சி.

எவ்ளோ செலவாச்சுன்னு கேக்கற ஆப் ஏற்கனவே ஆயிரம் இருக்குங்க. நீங்க கேக்க வேண்டியது "யாரோட?"ன்னுதான். தனியாவா, கூட ஆள் இருந்தாங்களா, ரெண்டே பட்டன், இஷ்டமிருந்தா தட்டலாம். ஒரு மாசம் ஓடட்டும், "போன மாசம் நைட்டு பத்துக்கு மேல பண்ண ஆர்டர் எல்லாமே நீ தனியா சாப்ட்டது"ன்னு காட்டுங்க, கூட அட்வைஸ் எதுவும் வேணாம், அவனுக்கே புரியும்.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கூட ஆள் இருந்தா நல்ல செலவுன்னு நெனச்சு "சோஷியல்"னு பச்ச கலர் குடுத்து வெச்சிருக்கீங்க பாருங்க, அது எனக்கு சுத்தமா ஒத்துக்கல. நம்ம ஹாஸ்டல்ல தனிமைக்காக அதிகமா காசு போறது ஷாப்பிங்ல இல்ல, ட்ரீட்ல. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஸ்கீம்ல கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு வந்த பசங்களுக்கு மாசம் 1000 ரூபா அக்கவுன்ட்ல விழுது இல்ல, அது விழுந்த அன்னிக்கே ஒருத்தன் "மச்சி ட்ரீட்டு"ன்னு தோள்ல கை போடுவான். இவனும் வெப்பான். புக்கு வாங்க வெச்சிருந்த காசு பரோட்டா கடைல தீந்துரும், ஆனா அன்னிக்கு ஒரு ராத்திரி அவன் கேங்ல ஒருத்தன், அதுக்குத்தான் அந்த காசு. உங்க ஆப் அவன "ஹெல்தி ஸ்பென்டர்"னு கைதட்டி பாராட்டும்! அதனால பில்ல பிரிச்சாங்களா, எப்பவும் ஒரே ஆளே குடுக்கறானான்னும் பாருங்க. கூட்டத்துல உக்காந்து திரும்ப திரும்ப முழு பில்லும் கட்டறவன்தான் பல நேரம் தனியா இருக்கறவன்.

அடுத்து அந்த இமோஜி. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி "இப்ப மூட் எப்படி?"ன்னு கேக்கறீங்க. யாருங்க சோகம்னு தட்டுவா? 2008ல சைக்காலஜிக்கல் சயின்ஸ் ஜர்னல்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சிந்தியா க்ரைடர், ஜெனிஃபர் லெர்னர் எல்லாம் சேந்து பண்ணது. சோக வீடியோ பாத்தவங்க ஒரு வாட்டர் பாட்டிலுக்கு மத்தவங்கள விட பல மடங்கு அதிகமா காசு குடுக்க ரெடியா இருந்தாங்க. கேட்டா வீடியோ எங்கள ஒன்னும் பண்ணலன்னு சொன்னாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கே தெரியல. நீங்க ஒரு இமோஜிய நீட்டுனா சிரிச்ச மூஞ்சிய தட்டிட்டு ஆர்டர் போட்டுட்டு போயிட்டே இருப்பான்.

டெக்னிக்கலா ஒன்னு, இத உங்க கைட் கவனிக்கலையான்னு எனக்கு ஆச்சரியம். பேங்க் எஸ்எம்எஸ் படிச்சு செலவ கணக்கு பண்றீங்க. பசங்க பாதி பேர் யுபிஐ லைட்டுக்கு, அதான் சின்ன செலவுக்குன்னு முன்னாடியே காசு ஏத்தி வெக்கற வாலட்டுக்கு, மாறிட்டாங்க, ஒரு தடவைக்கு 1000 ரூபா வரைக்கும் பின் கூட அடிக்க வேணாம். லைட்ல போற ஒவ்வொரு சின்ன செலவும் பேங்க் ஸ்டேட்மென்ட்ல தனித்தனியா வராது, வாலட்ல காசு ஏத்துனது மட்டும்தான் தெரியும். ஆக நைட்டு டீ, ஜூஸ், ஐஸ்க்ரீம், கேமுக்கு போட்ட அம்பது, நீங்க புடிக்கணும்னு நெனைக்கற அத்தனையும் நடக்கற நேரத்துக்கு தனித்தனியா உங்க கண்ணுக்கு வராது. செலவுக்கு முன்னாடி வரும்னு நீங்க வெச்சிருக்கற "பத்து செகண்ட் யோசி" பாப்அப்பும் வேலைக்கு ஆகாது, வேற ஆப்ல நடக்கற பேமென்ட்ட உங்களால எப்படி நிறுத்த முடியும், அது வர்றதுக்குள்ள காசு போயிருக்கும்.

உங்க ஆப்ல இருக்கற சேலஞ்ச்ல சேரலன்னா வர்ற பட்டன்ல "வேணாம், எனக்கு என் காசு மேல அக்கறை இல்ல"ன்னு எழுதி இருக்கீங்க. காமெடிக்குன்னு தெரியுது. ஆனா 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்னு, அதாவது ஆப்ல ஆளுங்கள ஏமாத்தற 13 டிசைன் தந்திரத்த லிஸ்ட் போட்டு தடை பண்ணுச்சு, அதுல கன்ஃபர்ம் ஷேமிங்னு, வேணாம்னு சொல்றவன வெக்கப்பட வெக்கறது, இது அப்படியே இருக்கு. எடுத்துருங்க.

மென்டருக்கும் பேரன்ட்ஸுக்கும் வீக்லி ரிப்போர்ட் போற ஸ்கிரீன் ஒன்னு இருக்கு பாருங்க, அத பாத்ததும் நெஜமாவே கடுப்பாயிட்டேன். மக ஹாஸ்டல்ல நைட்டு எத்தன மணிக்கு என்ன ஆர்டர் பண்ணான்னு அப்பாவுக்கு போச்சுன்னா அடுத்த நாள் என்ன நடக்கும்னு உங்க டீம்ல இருக்கற பொண்ணுங்கள கேளுங்க. பர்ஸ்ட் இயர்ல நெறைய பேருக்கு 17 வயசுதான், 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துப்படி 18க்கு கீழ குழந்தை, அவங்க நடவடிக்கைய ட்ராக் பண்ணவே கூடாதுங்குது, டேட்டா எடுக்கணும்னாலே பேரன்ட்ஸ் சம்மதம் வேணும். காலேஜ் சர்வர், மென்டர் லாகின் எல்லாத்தையும் தூக்கிட்டு டேட்டாவ போன்லயே வெச்சுக்கங்க, பதினெட்டு ஆகாதவங்கள இப்போதைக்கு விட்டுருங்க.

உங்க ஆப்ல பேச்சுத்துணைக்குன்னு வெச்சிருக்கற ஏஐ ப்ரெண்ட் வேணாம். தனியா இருக்கறவன் கைல இன்னொரு ஸ்கிரீன குடுத்து என்ன பிரயோஜனம்? அதுக்கு பதிலா 14416ன்னு டெலி மானஸ் நம்பர, அதான் கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன, முதல் ஸ்கிரீன்லயே போடுங்க, இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

அப்புறம் நம்ம பிளாக் குரூப்ல வர்ற மெசேஜ் ஒன்னு பாத்திருப்பீங்க, "ப்ரீ டெலிவரிக்கு 60 ரூபா குறையுது, யாராச்சும் சேந்துக்கறீங்களா?"ன்னு. அப்படி அறுபது ரூபாய்க்காக சேந்த ரெண்டு பேர் இப்ப ரூம்மேட்ஸ், எனக்கு தெரியும். அந்த மெசேஜ குரூப்ல போட கூச்சப்படறவனுக்கு ஒரு பட்டன் பண்ணி குடுங்க, இதே ஃப்ளோர்ல இதே நேரத்துல இன்னொருத்தனும் பசியோட இருக்கான்னு மட்டும் காட்டுனா போதும். என்ன கேட்டா மொத்த ஆப்பும் இந்த ஒரு பட்டனா இருந்தாலே சந்தோஷம்.

கடைசியா டெஸ்டிங். இதுவரைக்கும் டெஸ்ட் பண்ண எல்லாரும் உங்க ப்ரெண்ட்ஸ், அதாவது ப்ரெண்ட்ஸ் இருக்கறவங்க. லேட்டரல் என்ட்ரில டிப்ளமா முடிச்சு நேரா செகண்ட் இயர் வந்த பசங்கள ஒருத்தரையும் கேக்கல, அவங்க வர்றப்பவே கேங் எல்லாம் செட் ஆகி கதவு சாத்தியாச்சு. சி பிளாக் மூணாவது மாடில இருக்காங்க, ஃபார்ம் லிங்க் அனுப்பாதீங்க, டின்னர் முடிஞ்சு நேர்ல போங்க. போறப்ப அஞ்சாறு டீ வாங்கிட்டு போங்க, பில் கமிட்டி கணக்குல எழுத முடியாது, நான் தர்றேன்.

இப்படிக்கு,
ஃபைனல் இயர் மெஸ் கமிட்டி அண்ணன்