பேட்டரித் தண்ணீர் தந்தவருக்கும் உங்கள் எல்லோருக்கும்

பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் நண்பர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போன பலருக்கும் வணக்கம்.

மழையில் அறையின் ஓடு சரிந்து என் நெகட்டிவ் பெட்டி நனைந்த அன்று இரவு என்ன நடந்தது என்று நான் திரும்பவும் எழுதப் போவதில்லை. வந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். வராதவர்களுக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். பெட்டி மீண்டுவிட்டது. அதற்குள் இருந்த நெகட்டிவ்களில் பெரும்பகுதியும் மீண்டுவிட்டது. இன்று காலைதான் கடைசித் துண்டுகளைக் கொடியிலிருந்து இறக்கி உறையில் போட்டேன். நெஞ்சு இன்னும் படபடக்கிறது. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்கிவிட்டால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு என்று என் சுபாவம் சொல்லத் தொடங்கிவிடும்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி. ஓடு சரிந்த அறையிலிருந்து இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்த மாணவர்களுக்கு, தன் வீட்டுக் கூடத்தைக் காலி செய்து கொடி கட்டிக் கொடுத்து, தூசி பறந்து பிலிமில் ஒட்டும் என்று நான் சொன்னதும் அந்தப் புழுக்கத்திலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்ட நூரணி மாமிக்கு, வீடு வீடாகப் போய்த் துணிக் கிளிப்புகள் சேர்த்து வந்த குழந்தைகளுக்கு, உக்கடத்தில் முதல் பஸ் ஏறி, பிலிம் அலசும் தட்டுகளோடு வந்து இறங்கிய பழைய ஸ்டுடியோக்காரருக்கு, ஓடு மாற்றிக் கொடுத்துவிட்டுக் கூலியில் பாதியை வாங்க மறுத்த கொத்தனாருக்கு, பணம் அனுப்பியவர்களுக்கு, “பதில் எழுத வேண்டாம், நலமாக இருந்தால் போதும்” என்று செய்தி அனுப்பியவர்களுக்கு. கடைசியாகச் சொன்ன அந்தச் சிலர் என்னை எவ்வளவு சரியாக அறிந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

இனி, தெருமுனையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். இந்த மடலே பெரும்பாலும் அவருக்காகத்தான்.

நனைந்த பிலிமுக்கு ஈரத்தைவிட, அது காய்வதுதான் ஆபத்து. பிலிமின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் ஊறி இளகிவிடும். அப்படியே உறையோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால், பிரிக்கும்போது படமும் கூடவே உரிந்து வந்துவிடும். அதனால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பிரித்து, அலசித் தொங்கவிட வேண்டும். அன்று குழாயில் வந்தது செம்மண் கரைசல். கிணற்றுத் தண்ணீரோ உப்பு; காய்ந்தால் படத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் படியில் நின்றுகொண்டிருந்தேன். கேட்பது எனக்கு எப்போதுமே கடினம்.

ராவுத்தர் அண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். கால் வைக்கும் இடத்திலும் பின் சீட்டிலும் வெள்ளைக் கேன்கள். இறக்கிப் படியில் வைத்துவிட்டு, “பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், தம்பி. இதில் உப்பு கிடையாது. காய்ந்தால் கறை படியாது” என்றார். அவ்வளவுதான். கடைக்குத் திரும்பிவிட்டார். நான் கோயம்புத்தூருக்குப் போன் செய்து பேசியது தெருவில் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் பேட்டரியின் ஈயத் தகட்டைக் கெடுத்துவிடும் என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. பிலிமைக் கையால் தொட்டிராத மனிதர், பிலிமுக்கு என்ன வேண்டும் என்பதைத் தன் பேட்டரிகளை வைத்தே கண்டுகொண்டார். அதன் பிறகு கேன் தீரும் ஒவ்வொரு முறையும் புதுக் கேன் ஒன்று படியில் இருந்தது. வைத்தவர் கதவைத் தட்டவில்லை. எப்படி நடந்தது, எவ்வளவு நஷ்டம், ஏன் முன்பே கவனிக்கவில்லை என்று எதுவுமே விசாரிக்கவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஆறுதல்களிலெல்லாம் பெரியது அந்த விசாரிக்காமைதான்.

அந்தத் தண்ணீரில் கையை வைத்துப் பிலிம்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் படங்களாகவே என்னிடம் வந்தவர்கள். பாரிஸில் விடியற்காலையில் பெரிய மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத தெருக்களைக் கண்ணாடித் தகடுகளில் பதித்த யூஜீன் அட்ஜே. சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துகொண்டே, யாரிடமும் காட்டாமல் லட்சத்துக்கும் மேல் படமெடுத்துக் குவித்த விவியன் மையர். நியூயார்க்கில் தன் வீட்டைச் சுற்றியிருந்த தெருக்களிலேயே, மழை வழியும் கண்ணாடிகளையும் குடைகளையும் பார்த்துப் பார்த்து வயதான சால் லைட்டர். மூவரும் ஒதுங்கி நடந்தவர்கள். எனக்கு அவர்கள் மேல் பிடிப்பு வந்ததற்கு முதல் காரணமே அதுதான்.

ஆனால் இந்த முறை வேறொன்று உறைத்தது. அட்ஜே 1927-ல் இறந்தபோது அவருடைய படங்களைப் பொறுப்பெடுத்துக்கொள்ள வந்தவர் பெரனிஸ் அபட் என்ற இளம் அமெரிக்கப் பெண். தகடுகளையும் பிரதிகளையும் விலை கொடுத்து வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோய், நாற்பது ஆண்டுகள் காத்து, 1968-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் சேர்த்தார். மையரின் பெட்டிகள் 2007-ல் வாடகை பாக்கிக்காக ஏலம் போயின. எடுத்தவர்கள் பிரித்துப் பார்த்ததால்தான் அவர் நமக்குக் கிடைத்தார். 2009-ல் அவர் இறந்தபோது அவர் பெயரே உலகத்துக்குத் தெரியாது. லைட்டர் 1940களின் இறுதியில் எடுக்கத் தொடங்கிய வண்ணப் படங்கள், அவர் எண்பது வயதைக் கடந்த பிறகுதான் புத்தகமாக வந்தன. அவற்றைத் தோண்டியெடுத்து வெளியே கொண்டுவந்தவர்கள் வேறு சிலர். இவர்கள் எல்லாம் தனியே நின்று செய்தார்கள் என்றுதான் நான் இதுவரை வியந்திருந்தேன். படத்தை எடுக்கும்வரைதான் தனிமை என்பதை இப்போது வாளித் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு புரிந்துகொள்கிறேன். எடுத்த படம் நிலைப்பதற்கு ஊரே வேண்டியிருக்கிறது.

அந்தப் பெரியவர்களோடு என்னைச் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் அபட்டின் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் தெருப் பேட்டரிக் கடைக்காரரை எழுதிவைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது, எழுதுகிறேன்.

பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கூச்சம் உள்ளவன் எப்படித் தெருவில் நின்று படமெடுக்கிறாய்? என் பழைய இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். எதிரே இருப்பவரின் கண்ணுக்கு நேராக எதையும் நீட்ட வேண்டியதில்லை. மையரிடம் இருந்ததும் அந்த வகைதான். தலை குனிந்தபடி மனிதர்களைப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு வழி திறந்தது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டவர். ரமணர் மறைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தவர். கூட்டத்துக்கு நடுவிலும் கண்ணில் படாமல் நிற்க முடியும் என்பதை அவரிடம் கற்றேன். நம் ஊர் வண்ணங்களைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்ற தைரியத்தை ரகுபீர் சிங்கிடம் பெற்றேன். கேரளத்தை அவர் எடுத்த படங்களை விரித்து வைத்துக்கொண்டு மாலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். மழையைப் பற்றி எழுதும்போது கேரளத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர் விக்டர் ஜார்ஜை நினைக்காமல் இருக்க முடியாது. மழையைத் தேடிப் போய்ப் படமெடுத்த அவர், 2001 ஜூலையில் இடுக்கி நிலச்சரிவில் கேமராவோடு போய்விட்டார். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஒவ்வோர் இடவப்பாதிக்கும் ஓட்டில் முதல் மழைச் சத்தம் கேட்கும்போது அவர் நினைவு வரும். இனி இன்னும் அதிகமாக வரும்.

நகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எடுப்பதெல்லாம் அதைத்தான். நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நல்ல ஊர், அன்பான ஜனங்கள். ஆனால் டீக்கடை தாண்டுவதற்குள் எங்கே போகிறாய், ஏன் இளைத்துவிட்டாய், கல்யாணம் எப்போது என்று எல்லாம் கேட்டுவிடுவார்கள். பாலக்காட்டுக்கும், வேலைக்காகக் கோயம்புத்தூருக்கும் வந்தபோது, யாரும் எதுவும் கேட்காத தெருக்களில் நடப்பது எனக்கு மூச்சு விடுவது போல இருந்தது. ஒப்பணக்காரத் தெருவில் தீபாவளிக் கூட்டம் தோளை இடித்துக்கொண்டு போகும். ஆனால் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. வாளையாறு தாண்டும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி முழுக்க மழைத் துளிகள். அதற்கு அப்பால் கலங்கித் தெரியும் சிவப்பு விளக்குகளை எடுப்பேன். கல்பாத்தித் தேருக்கு எல்லோரும் கேமராவோடு வருவார்கள். நான் தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் போவேன், அக்ரஹாரத்துத் தெரு தன் களைப்போடு கிடப்பதைப் பார்க்க. அந்தச் சுருள்களில் சில இந்த முறை போய்விட்டன. வருத்தம்தான், ஆனால் தேர் மறுபடி வரும்.

நகரத்துக்கு ஈரம் இல்லை என்று சொல்பவர்களோடு நான் எப்போதும் மனதுக்குள் மல்லுக்கு நிற்பவன். அதற்கு இப்போது என்னிடம் சான்று இருக்கிறது.

நேற்று மாலை காலிக் கேன்களை எடுத்துப்போக ராவுத்தர் அண்ணன் வந்தார். மாமி வீட்டுக் கூடத்தில் தொங்கிய பிலிம்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், ஒன்றின் முன்னால் நின்றார். அது எங்கள் தெருவில் இரவில் எடுத்த படம். ஈரத் தரையில் ஒரு விளக்கு நீளமாக விழுந்திருக்க, அதை ஒருவர் தாண்டிப் போகிறார். என் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. கோவையில் ஒரு சிறு கண்காட்சியில் வைத்தபோது நீங்கள் சிலர் அதன் முன் வெகுநேரம் நின்றீர்கள். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாக இருக்கும் என்பதால் முதலில் அவருக்குப் புரியவில்லை; சொன்னேன். “நம் கடை விளக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் சொன்னார். கடை எட்டு மணிக்கே மூடிவிடும். தெருவிளக்கு எரியாது. எதிரே சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. கடைசி ரயிலில் இறங்கி நடந்து வருபவர்கள் அதில் காலை விட்டுவிடக் கூடாதே என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதுவாராம். “நீங்களும் குனிந்துகொண்டேதானே வருவீர்கள், தம்பி. நீங்கள் தாண்டிப் போன பிறகு அணைப்பேன்.”

அந்த வெளிச்சத்தை நான் கண்டுபிடித்ததாக இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது எனக்காகவும் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டதில்லை, பேர் கேட்டதில்லை. என் தலை குனிந்த நடையை மட்டும் பார்த்துவைத்து, அதற்கேற்ற உதவியைச் செய்துவந்திருக்கிறார். யாரும் எதுவும் கேட்காத தெரு என்று நான் கொண்டாடிய தெருவில், கேட்காமலே கவனித்துக்கொள்ளும் மனிதர்கள் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் எடுக்கும் படங்களில் அவர்களைத் தேடுவேன்.

ஒரு வாக்கும் கொடுக்கிறேன். இதுவரை நான் படமெடுத்த எவருக்கும் பிரதி கொடுத்ததில்லை. போய்க் கொடுப்பதற்குக்கூட என் வாய் திறந்ததில்லை. மீண்டு வந்த இந்த நெகட்டிவ்களில் முகம் தெரியும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போட்டு நானே கொண்டுவந்து தருவேன். பெரிய அங்காடியில் மூட்டை இறக்குபவர்கள், மேட்டுப்பாளையம் தெருவில் காய் விற்கும் அக்காமார், ஸ்டேடியம் ஸ்டாண்டில் டீ ஆற்றுபவர், எல்லோருக்கும். முதல் பிரதி பேட்டரிக் கடைக்கு. சுவரில் மாட்டலாமா என்று கேட்டேன். நாட்காட்டியை மறைக்காமல் மாட்டுங்கள் என்றார்.

பெட்டியைத் தூக்கி வந்த மாணவர்களே, உங்களில் இரண்டு பேரை எனக்கு அடையாளம் தெரிகிறது, மற்றவர்களைத் தெரியவில்லை. இருட்டில் முகம் பார்க்கவில்லை. ராவுத்தர் அண்ணன் கடையில் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவரிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.