பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடிங் தெரியாத எம்பிஏ மாணவர்களுக்குத் தானியங்கி மென்பொருளை வைத்து மெஷின் லேர்னிங் (பழைய டேட்டாவிலிருந்து கணிக்கக் கணினியைப் பழக்குவது) சொல்லிக்கொடுப்பது ஏமாற்று வேலை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். முதல் நான்கு வருடங்கள் பைத்தான் என்ற கோடிங் மொழியில்தான் நடத்தினேன். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடிப்போனதற்காகவும், மூட மறந்த அடைப்புக்குறிக்காகவுமே பாதி செமஸ்டர் போய்விடும். ஒருவழியாக மாடல், அதாவது கணினி பழகி உருவாக்கும் கணிப்பு முறை, ஓடத் தொடங்கும்போது தேர்வு வந்து நிற்கும். அந்த மாடலை வைத்து என்ன முடிவெடுப்பது என்று பேசியதே இல்லை. அதனால்தான் கோடிங் இல்லாமல் தானாகவே மாடலை உருவாக்கும் ஆட்டோஎம்எல் மென்பொருளுக்கு மாறினேன். இது நேற்று முளைத்ததும் அல்ல. இந்த வகையைச் சேர்ந்த ஆட்டோ-வெக்கா என்ற மென்பொருள் வந்தது 2013-இல். விடுபட்ட மதிப்புகளை நிரப்புவது, பல அல்காரிதங்களை (கணக்கிடும் வழிமுறைகளை) ஓட்டிப் பார்ப்பது, அவற்றின் அமைப்புகளைத் திருகிப் பார்ப்பது என்று நடுவில் உள்ள உழைப்பை ஆட்டோஎம்எல் செய்துவிடுகிறது.

வகுப்பில் நான் கொடுப்பது ஒரு போர்ச்சுகீசிய வங்கியின் தொலைபேசி விற்பனை டேட்டா. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதுதான். மொத்தம் 45,211 வரிகள். வைப்புத்தொகை போடச் சம்மதித்தவர்கள் 5,289 பேர். யார் சம்மதிப்பார் என்று மாடல் கணிக்க வேண்டும். போன வருடம் அரை மணி நேரத்தில் எல்லாக் குழுக்களும் 90 சதவீதத் துல்லியம் என்று கை தூக்கிவிட்டன. "சரி, மாடலே வேண்டாம், எல்லோரும் மறுப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். கணக்குப் போட்டார்கள். 88.3. வகுப்பு அமைதியாகிவிட்டது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். எந்த விவரம் அதிகம் உதவியது என்ற பட்டியலில் முதலிடம், பேச்சு எத்தனை விநாடி நீடித்தது என்பதற்கு. நீண்ட நேரம் பேசுபவர் வாங்குவார் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர், முன்பு தொலைபேசி விற்பனையில் வேலை பார்த்தவர், எழுந்தார். "மேடம், போன் பண்ணின பிறகுதானே எத்தனை விநாடி பேசினோம்னு தெரியும்? யாருக்குப் பண்ணலாம்னு சொல்லத்தானே இந்த மாடல்?" அவருக்கு ஒரு வரி கோடிங் எழுத வராது. மென்பொருளுக்கோ இந்தச் சந்தேகமே வரவில்லை. பின்னால்தான் தெரியவேண்டிய விடை முன்கூட்டியே கசிந்து வந்ததை நல்ல தடயம் என்று எடுத்துக்கொண்டது. அந்த விவரத்தை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று டேட்டா கிடைக்கும் இணையப் பக்கத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. யாரும் படிக்கவில்லை. (முதல் வருடம் நானும் படிக்காமல்தான் வகுப்புக்குப் போனேன்.)

அந்த விநாடி விவரத்தை நீக்கியதும் துல்லியம் அந்த 88.3-க்கு அருகே இறங்கியது. எங்கள் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. வாங்காதவருக்குப் போன் செய்தால் சில நிமிடங்கள்தான் வீண். வாங்கக்கூடியவரை விட்டுவிட்டால் ஒரு வாடிக்கையாளரே போய்விடுவார். இரண்டு தவறுகளும் ஒரே எடை அல்ல. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தால்தான் 'ஆம்' என்று மென்பொருள் வைக்கும் எல்லைக்கோட்டை எங்கே நகர்த்துவது? இதை நிர்வாகம் படிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வாசகரோடு உடன்படும் இடமும் உண்டு. எந்த மெனுவில் எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அதிகத் துல்லியம் எடுத்த குழுவுக்குப் பரிசு என்று போட்டி வைப்பது அதைவிட மோசம். கசிவைக் கண்டுபிடித்த குழு அதில் கடைசியில்தான் நிற்கும். என் வகுப்பில் மென்பொருளைத் திறக்கும் முன், பதினான்கு வரி டேட்டாவுக்குத் தாளில் பென்சிலால் முடிவு மரம் (கேள்வி கேள்வியாகக் கிளை பிரித்து முடிவுக்கு வரும் படம்) வரைந்தாக வேண்டும். நூறு மதிப்பெண்ணில் மாடலுக்கு இருபதுதான். எதைக் கணிக்கிறோம், எந்த விவரத்தை நம்புகிறோம் என்பதற்கு நாற்பது, முடிவுக்கு நாற்பது. பாடத்திட்டம் வகுப்பவர்களும் தேர்வுத்தாளை இப்படி மாற்றிப் பார்க்கலாம்.

இந்த வருடம் ஒரு மாணவி அதே டேட்டாவில் இன்னொரு விவரத்தைப் பிடித்தாள். இந்த விற்பனை முயற்சியில் ஒருவரை எத்தனை முறை அழைத்தார்கள் என்ற எண்ணிக்கை. கடைசி அழைப்பும் அதில் சேர்த்தி. முதல் அழைப்புக்கு முன் அது எப்படித் தெரியும் என்கிறாள் அவள். அடுத்த அழைப்புக்கு முன் தெரியுமே என்கிறது மற்றொரு குழு. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. நானும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வணிக மேலாண்மை ஆசிரியை ஒருவர்