மெட்டாரும் டாஃபும்

அன்பு மகளுக்கு,

விமான நிலையத்தின் இப்போதைய வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கையின் குறியீடுகள் உனக்கு மனப்பாடம். அதைப் பார்த்து விமானத்தில் கிளம்புவதா, காத்திருப்பதா என்று முடிவெடுப்பது வேறு வேலை. அதற்காக இது.

முதலில் நேரத்தைப் பார். 120530இசட் என்றால் 12ஆம் தேதி, யுடிசி (உலகப் பொது நேரம்) 05:30. உள்ளூர் நேரம் அல்ல. மெட்டார் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறைதான் வரும். நடுவில் நிலைமை சட்டென்று மாறினால் ஸ்பெசி என்ற சிறப்பு அறிக்கை வரும், அதையும் தேடு.

காற்று 24018ஜி30 எனில் 240 டிகிரியிலிருந்து 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்), திடீர் வீச்சு 30. பக்கக்காற்றை (ஓடுபாதைக்குக் குறுக்கே வீசுவதை) 30க்கே கணக்கிடு. இந்தத் திசை உண்மை வடக்கைக் கொண்டது. ஓடுபாதை எண்ணும் டவர் சொல்லும் காற்றும் காந்த வடக்கைக் கொண்டவை. காந்த விலகல் (இரண்டு வடக்குகளுக்கும் உள்ள வித்தியாசம்) 15 டிகிரி இருக்கும் இடத்தில் இதைத் திருத்தாவிட்டால் கணக்கே தப்பு.

பிகேஎன்008 என்றால் வானத்தில் எட்டில் 5 முதல் 7 பங்கு மேகம், 800 அடியில். அந்த 800 விமான நிலையத் தரையிலிருந்து. கியூஎன்எச் (கடல் மட்டக் காற்றழுத்தம்) வைத்த ஆல்டிமீட்டர், அதாவது உயரமானி, கடல் மட்டத்திலிருந்து காட்டும். நிலையம் 2,000 அடியில் இருந்தால் மேகத்தின் அடி 2,800 காட்டும்போதுதான் வரும்.

வெப்பநிலையும் டியூ பாயிண்டும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 19/18 என்று நெருங்கி, இரவு வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருந்தால் விடியலில் மூடுபனியை எதிர்பார். அந்த நேரம் பார்வைத் தூரம் 9999 (10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ) என்று இருப்பதை நம்பி ஏமாறாதே.

வரும் மணிகளுக்கான முன்னறிவிப்பான டாஃபில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிகமிங் 1206/1208 என்றால் 12ஆம் தேதி யுடிசி 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையே எப்போதோ மாறும். மோசமாகும் மாற்றமானால் 6க்கே வந்துவிட்டதாக எடுத்துக்கொள். நல்லதானால் 8க்கு முன் எண்ணாதே. டெம்போ, அதாவது தற்காலிக மாற்றம், ஒவ்வொரு முறையும் ஒரு மணிக்குள் முடியும், கூட்டினாலும் அந்தக் காலத்தில் பாதியைத் தாண்டாது. 'கொஞ்ச நேரம்தானே' என்று சொல்வார்கள். நீ போய்ச் சேரும் நேரமே அந்தக் கொஞ்ச நேரமாக இருந்தால்? வட்டமடிக்கவோ மாற்று நிலையம் போகவோ எரிபொருள் இருக்க வேண்டும். பிராப்40 (40 சதவீத வாய்ப்பு) டெம்போவில் இடிமழை போட்டிருந்தாலும் அப்படியே.

கிளம்புமுன் டாஃபையும் இப்போதைய மெட்டாரையும் பக்கத்தில் வைத்துப் பார். டாஃப் 9999 என்று சொல்ல, மெட்டார் ஏற்கெனவே 3000 மீட்டர் காட்டினால், அந்த டாஃபின் மீதி மணிகளும் சந்தேகம்தான். திருத்திய டாஃப் வந்திருக்கிறதா என்று தேடு. வராவிட்டால் எரிபொருளைக் கூட்டு, இல்லையென்றால் கிளம்பாதே.

அன்புடன்,
அப்பா