தசமி நிலாவில் தெரியும் எரிமலைகள்

ஒத்தக்கடை, மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். பேத்தி பன்னிரண்டாவது போகிறாள்.

நிலாவில் தெரியும் வட்டமெல்லாம் எரிமலை வாய்தானா என்று கேட்டிருந்தாய். இல்லை, மாப்ள. அநேகமாக எல்லாமே விண்கல் விழுந்த குழிகள். வெறுங்கண்ணுக்கே தெரிகிற கருந்திட்டுகள் இருக்கின்றனவே, அவைதான் எரிமலையின் வேலை. பெரிய மோதல்கள் தோண்டிப்போட்ட பள்ளங்களில், பிற்பாடு உள்ளிருந்து நெருப்புக் குழம்பு ஏறி நிரம்பி உறைந்துவிட்டது. பெரும்பகுதி 300 கோடி ஆண்டுக்கு முந்திய சங்கதி. நமக்குத் தெரியாத மறுபக்கத்தில் மேலோடு தடிமன் என்பதால் அங்கே திட்டுகள் குறைவு.

அந்தக் குழம்பில் இரும்பு அதிகம், குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைவு. அதனால் நீர்த்துப்போய், குவிந்து நிற்காமல் வெகுதூரம் ஓடிப் பரவிவிட்டது. அதனால் படத்தில் பார்க்கிற கூம்பு மலையை அங்கே தேடாதே. கொஞ்சம் கெட்டிப்பட்டு, மெதுவாகக் கசிந்த இடங்களில் மட்டும் தாழ்வான மேடுகள் எழுந்தன. நிலாவில் கோபர்நிக்கஸ் என்ற பெரிய குழிக்கு மேற்கே ஹார்டென்சியஸ் என்றொரு சின்னக் குழி. அதற்குச் சற்று வடக்கே இப்படி ஆறு மேடுகள். அகலம் பல கிலோமீட்டர், உயரமோ சில நூறு மீட்டர்தான். பௌர்ணமியில் சுத்தமாகத் தெரியாது. வளர்பிறை தசமி, ஏகாதசி வாக்கில்தான் அங்கே பொழுது விடிகிறது. யானைமலையில் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது வெடிப்பெல்லாம் தனித்தனியாகத் தெரியுமே, அதே கணக்கு. போன மாதம் மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேடும் ஒருபக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்து நின்றது. சாப்பிடக் கூப்பிட்டும் இறங்க மனசே வரவில்லை.

1972-இல் அமெரிக்காவின் அப்போலோ 17 விண்கலத்தில் போன ஹாரிசன் ஷ்மிட், நிலாவில் கால்வைத்த ஒரே புவியமைப்பியல் அறிஞர், அதாவது பாறைகளை ஆராய்பவர். சாம்பல் மண்ணுக்கு நடுவே ஆரஞ்சு மண்ணைக் கண்டது அவர் கண்தான். ஆராய்ந்தால் அத்தனையும் நுண்ணிய கண்ணாடி மணிகள்! உள்ளே அடைபட்ட வாயு குழம்பை உயரப் பீய்ச்சியடிக்க, துளிகள் பறக்கும்போதே உறைந்திருக்கின்றன. வயது சுமார் 350 கோடி ஆண்டு. விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று, பார்.

2020-இல் சீனாவின் சாங்இ-5 விண்கலம் நிலாவிலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கல்லுக்கு வயது 200 கோடிதான். அவ்வளவு சின்னக் கோளம் அத்தனை காலம் எப்படிச் சூட்டைத் தக்கவைத்தது? அறிஞர்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அதே நினைப்புதான்.

அடுத்த வளர்பிறை தசமிக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. ராத்திரி இங்கேயே தங்கல். மழை மேகம் இருந்தால் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள