உன் வீட்டருகே உறங்கும் ஃபூச்சிக்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பிராக் நகரில் வினோஹ்ராடிப் பகுதியில் வீடு கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்றே இதை எழுத நினைத்தேன். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் ஜூலியஸ் ஃபூச்சிக் அடக்கமாகியிருக்கிறார். அந்தப் பெயரைப் பார்த்ததும், நாஜிகள் 1943-இல் பெர்லினில் கொன்ற பத்திரிகையாளரும், தமிழில் நாம் வாசித்த சிறைக் குறிப்புகளும் உன் நினைவுக்கு வரும். நான் சொல்பவர் அவரல்லர். அவருடைய தந்தையுடன் பிறந்தவர், நானூறுக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளை விட்டுச்சென்றவர்.

1872-இல் பிராகில் பிறந்து, அங்குள்ள இசைக் கல்லூரியில் பசூன் என்னும் தாழ்ந்த சுருதிக் குழல் கருவியும் வயலினும் பயின்று, புகழ்பெற்ற செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கிடம் இசையமைப்பும் கற்ற அவர், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் பேண்டில் சேர்ந்தார். 1897-இல் 86-ஆம் காலாட்படைப் பிரிவின் பேண்டு மாஸ்டராகச் சரயேவோவுக்குச் சென்றார். அந்த ஆண்டுகளில் எழுதியதுதான், பண்டைய ரோமின் அரங்கப் போராளிகளைப் பெயரில் கொண்ட 'கிளாடியேட்டர்களின் நுழைவு' என்னும் மார்ச், அதாவது படைநடை இசை. அதற்கு அவர் முதலில் இட்ட பெயர் 'குரோமாட்டிக் பெருமார்ச்'. அரைச் சுரங்களாகவே ஏறி இறங்கும் அந்த ஓட்டத்தைத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பித்தளைக் கருவிகளிடமும் அவர் ஒப்படைத்தார் என்பதை, ராணுவ பேண்டில் 22 ஆண்டுகள் கிளாரினெட் வாசித்த நான் இன்றும் வியக்கிறேன். பண்டைய ரோமின் மீது அவருக்கிருந்த பற்றினால் பெயர் பின்னர் மாறியது.

கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் லாரண்டோ அதைச் சிறிய பேண்டுகளுக்காக மாற்றியமைத்த பிறகு, அமெரிக்க சர்க்கஸ் கூடாரங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, படைவீரர் நடக்கும் வேகத்தைவிட மிக விரைவாக வாசித்தன. கோமாளி வரும் இசை என்றே உலகம் இன்று அதை அறிந்திருக்கிறது. அது ஃபூச்சிக்குக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். அரங்கத்துக்குள் மரணத்தை நோக்கி நிமிர்ந்து நடப்பவர்களின் கம்பீரம், வேகத்தைக் குறைத்து வாசிக்கும்போதுதான் கேட்பவருக்குப் புலப்படும்.

ஆகவே நல்ல ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேள். இசைக்குழு நடத்துநர் வாட்ஸ்லாவ் நாய்மன் செக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு பதிவுசெய்தவை எனக்கு மிகவும் நெருக்கமானவை. மற்றொரு நடத்துநரான நேமே யார்வி ஸ்காட்லாந்து தேசிய இசைக்குழுவுடன் வெளியிட்ட தொகுப்பில் மார்ச்சுகளோடு வால்ட்ஸ் நடன இசைகளும் உள்ளன. 1907-இல் புடாபெஸ்டில் பிறந்த 'ஃபுளோரன்ஸ் மார்ச்' ஃபூச்சிக்கின் படைப்புகளில் மிகச் சிறந்தது என்பது என் முடிவு. 'இத்தாலியப் பெருமார்ச்' என்று அவரே அதற்குத் துணைத்தலைப்பு இட்டார்.

1913-இல் படையை விட்டு விலகிய பின் பெர்லினில் சொந்த இசைக்குழுவையும் பதிப்பகத்தையும் தொடங்கிய அவர், போர் நடந்துகொண்டிருந்த 1916-இல், 44 வயதிலேயே அங்கு மறைந்தார். உடல் பிராகுக்குத் திரும்பியது.

அங்குள்ள பழைய இசைத்தட்டுக் கடைகளில் நாய்மனின் தட்டு கிடைத்தால் எனக்காக வாங்கி வை. பசூனுக்காக ஃபூச்சிக் எழுதிய 'கிழட்டு உறுமல் கரடி' என்ற போல்கா நடன இசையையும் கேள், அம்மா. தான் வாசித்த கருவியின் மீது ஒருவர் வைத்திருந்த பாசம் அதில் முழுவதுமாக இருக்கிறது. நான் அங்கு வரும்போது நாம் இருவரும் அந்தக் கல்லறைக்குச் செல்வோம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா