களைக்கொத்தை வரப்பில் வைத்தவர்களுக்கு

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

அந்த 20 நாள் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாலு வரிசை நிலக்கடலைக்கு ஒரு வரிசை மக்காச்சோளம் போட்ட அந்த ஒரு ஏக்கரை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. 40ஆம் நாள் எடுக்க வேண்டிய இரண்டாம் களை 54ஆம் நாள் வரை நின்றது.

ஆள் கூட்டி வந்த சின்னம்மா, முதல் நன்றி உங்களுக்கு. காட்டில் இறங்கியதும் ஒரு கடலைச் செடியின் பக்கக் கிளையைத் தூக்கிப் பார்த்தீர்கள். பூ உதிர்ந்தபின் மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது, ஊசி ஊசியாக இறங்கியிருந்தது. "கொத்தை வரப்புல வைங்கடி, கையால புடுங்குவோம்" என்றீர்கள். விழுது அறுந்தால் அந்தக் காய் போனதுதான். செடி மறுபடி பூத்தாலும் 105 நாள் ரகத்தில் அது முற்ற நாள் இருக்காது.

முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தில், இடது கை கடலைத் தூரை அழுத்திக்கொள்ள வலது கை களையைப் பிடுங்கியது. வேர் தடித்த களை விழுதையும் சேர்த்துப் பெயர்த்துவிடும் என்று அதைப் பன்னருவாளால் தரையோடு அறுக்கச் சொன்னீர்கள். மக்காச்சோளத் தூரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும்தான் கொத்து விழுந்தது. ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆயிற்று. இரண்டாம் நாள் கூலியை ஒருவரும் வாங்கவில்லை.

சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் 160 கிலோவைக் கடனாகக் கொடுத்து, கொத்திவிட முடியாததால் கடலைத் தூரில் தூவித் தண்ணீர் கட்டிய மேலக்காட்டு அண்ணனுக்கும் நன்றி. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும்; இல்லாவிட்டால் பருப்பில்லாத பொக்குதான். கடலையில் சிந்தினால் தழைதான் மிஞ்சும் என்று யூரியாவை மக்காச்சோளத் தூருக்கு மட்டும் வைத்த தம்பிக்கும், 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து மஞ்சளடித்த கடலைக்குத் தெளித்த மாமாவுக்கும் நன்றி.

மாமா தெளிக்கும்போதுதான் கவனித்தோம்: நடு இரண்டு வரிசைதான் வெளுத்திருந்தது. மக்காச்சோளத்தை ஒட்டிய கடலை பச்சையாகவே நின்றது. சுண்ணாம்பு மண்ணில் பூட்டிக் கிடக்கும் இரும்பை மக்காச்சோள வேர்க் கசிவு இளக்கிவிடும், பக்கத்துக் கடலைக்கும் அது கிடைக்கும். நிழலால் அந்த வரிசையில் காய் சற்றுக் குறையலாம். ஆனாலும் இனி எங்கள் காட்டில் கடலை விதை தனியாக விழாது.

நேற்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். 23 காய்.

சின்னம்மா, கடலை விற்றதும் அந்த இரண்டாம் நாள் கூலி ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். வேண்டாம் என்று சொன்னாலும் இந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டோம். மார்கழிப் பட்டத்தில் உங்கள் கடலைக்கு 20ஆம் நாளும் 40ஆம் நாளும் களைக்கு நாங்கள் வருவோம்.