நாடக வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரத்துக்கு வந்த உறுப்பினர்களே, இனி வரப்போகிற உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. மாத வாசிப்பு ஒன்பது நடந்தது. இரண்டு மழையால் நின்றது, ஒன்று எதனால் நின்றது என்று குறிப்பேட்டில் இல்லை. புத்தக அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கினோம். பழைய பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரே வைத்துக்கொள்ளலாம்.

இனி, ஜனவரியில் நடந்த ‘எதிர்வசன மாலை’. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நான் இல்லாத இடங்களில் இது ஏற்கெனவே விரிவாகப் பேசப்பட்டுவிட்டது.

ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு, போர்க்களத்தில் குதிரையை இழந்துவிட்டு, “ஒரு குதிரை! ஒரு குதிரைக்கு என் ராஜ்யம்!” என்று கத்துவான். ஒரு முறை கீழேயிருந்து யாரோ, “கழுதை கிடைத்தால் போதுமா?” என்று கேட்டாராம். “போதும், மேலே வாருங்கள்” என்றாராம் நடிகர். பல நடிகர்கள் பேரில் சொல்லப்படும் கதை இது. இதைப் படித்த அன்றுதான், புகழ்பெற்ற வசனங்களைச் சீட்டில் எழுதி முறுக்கு டின்னில் போட்டுக் குலுக்கி, எடுத்தவர் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தது. யோசனை என்னுடையதுதான். வேறு பெயர் அடிபடுவதால் சொல்கிறேன்.

தமிழ் மன்றத்துக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு தொடங்கக் காரணமாக இருந்த பம்மல் சம்பந்த முதலியார்தான் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், வெனிஸ் வணிகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார். அவருக்கு ஆகிவந்தது நமக்கு ஆகாதா?

அன்று மாலை வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் நான்கு பேர் போண்டா வரும் நேரத்துக்குச் சரியாக வந்தார்கள்.

முதல் பரிசு, ரயில்வேயில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினருக்கு. ஹாம்லெட்டின் “இருப்பதா, இல்லாமல் போவதா” சீட்டு அவருக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எதுவானாலும் நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள் தம்பி, பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கணும்” என்றார். மைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தில் இரண்டாம் அங்கம் முடியும்போது இரினா “மாஸ்கோவுக்கு! மாஸ்கோவுக்கு!” என்று ஏங்குவாள். அதற்கு நம் உறுப்பினரின் மகள் (பிளஸ் ஒன்): “தட்கல் பத்து மணிக்கே முடிஞ்சிருச்சு அக்கா.” நான்கு அங்கம் முடிந்தும் அந்த மூவரும் மாஸ்கோ போய்ச் சேரவில்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொன்னது.

தகராறு ஜூலியட்டால் வந்தது. “ரோமியோ, ரோமியோ, நீ ஏன் ரோமியோ?” இதுதான் வசனம். பலர் இதை “எங்கே இருக்கிறாய்” என்றே மனதில் வைத்திருக்கிறார்கள். அன்றும், “மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறேன், செருப்பைத் தேடுகிறேன்” என்று ஒருவர் சொல்ல, கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் பதில் செல்லாது என்றேன். அவள் இடத்தைக் கேட்கவில்லை; பகைக் குடும்பத்துப் பெயர் உனக்கு எதற்கு, அதை விட்டுவிடு என்கிறாள். இதைச் சொன்னதற்கு நான் “வாத்தியார்” ஆகிவிட்டேன். சீட்டு கைமாறியது. அடுத்தவர், “பெயர் மாற்றினால் கெசட்டில் போடணும், அப்புறம் ஆதார், பான், பாஸ்புக்... நீயே மாற்றிக்கொள் ஜூலியட்” என்றார். இரண்டாம் பரிசு அதற்கு. செருப்புக்காரர் அன்று முதல் வரவில்லை. அவருடைய குடை அலுவலகத்தில் இருக்கிறது.

கடைசிச் சீட்டு, சீசர் பிணத்தருகே ஆன்டனி பேசும் “நண்பர்களே, ரோமானியரே, நாட்டவரே, உங்கள் காதுகளைக் கடன் தாருங்கள்.” எடுத்தவர் எழுந்து, என்னைப் பார்த்தபடியே, “காது வேண்டுமானால் தருகிறோம், சந்தா மட்டும் கேட்காதீர்கள்” என்றார். அன்றைக்கு மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். மூன்று ஆண்டு சந்தா பாக்கி வைத்திருப்பவர் வாயிலிருந்து அது வந்ததால் எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. பரிசு கொடுக்கவில்லை, விதிப்படி பரிசு இரண்டுதான். இதில் சொந்த விரோதம் எதுவும் இல்லை.

உறுப்பினர்கள் அறுபத்தொரு பேர். இந்த ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் இருபத்தாறு பேர். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது, மறுநாள் காணோம்.

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கையாளரிடம் கொடுத்திருக்கிறார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். போண்டா, மைக் வாடகை இரண்டும் ‘இதர செலவினம்’ என்ற தலைப்பில் உள்ளன. சந்தாவைப் போண்டாவில் கரைத்துவிட்டேன் என்று சொல்பவர்கள் முதலில் சந்தாவைக் கட்டிவிட்டுச் சொல்லலாம்.

இடம் கொடுத்த கல்யாண மண்டப உரிமையாளருக்கும், தலைவருக்கும், மைக்காரருக்கும், போண்டா போட்ட மாமிக்கும், வந்திருந்து சிரித்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எதிர்வசன மாலையை மறுபடி நடத்த எண்ணம். வராத ஒருவருக்காக இரண்டு பேர் காத்துக்கொண்டே இருக்கும் பெக்கெட்டின் நாடகம் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’; அதன் வசனங்களையும் டின்னில் சேர்க்கலாம். சென்ற பொதுக்குழுவில் கூட்டம் நடத்தத் தேவையான ஆட்கள் (கோரம்) சேரட்டும் என்று தலைவர், பொருளாளர், நான், மூன்று பேரும் ஏழரை மணி வரை உட்கார்ந்திருந்ததில் ஒத்திகை நன்றாகவே ஆகிவிட்டது. செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்றால் மகிழ்ச்சியோடு விலகிக்கொள்வேன். யாரும் முன்வராவிட்டால் பார்ப்போம். குடைக்காரர் வந்தால் அவருக்கே ஜூலியட் சீட்டை முதலில் தருகிறேன். இந்த முறை “எங்கே” என்றாலும் ஒத்துக்கொள்கிறேன்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறார். சில்லறை அவரிடம் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்